ரப்பீஸ் இல்லாத வீடு

வேலுத்தாயின் அடிவயிற்றில் கட்டி இருக்கிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே, செக்கடித் தெருவின் மேற்குக் கோடியில், வேலுத்தாயின் ஓட்டு வீட்டுக்கு நேர் எதிரே, ஆடு கட்டவும் குப்பை கொட்டவும் தவிர வேறெதற்கும் ஆகாமல் கிடந்த பொறம்போக்கில், ஒரு வீடு கட்டியிருந்தது.

கட்டி என்கிற அந்த ஒற்றைச் சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பின்னால் தெருக்காரர்கள் தீர்மானமாகச் சொன்னார்கள். வேலுத்தாய் முப்பது வருஷமாகக் கல்லும் மண்ணும் சுமக்கிற சித்தாள், அவள் புருஷன் நல்லுச்சாமி கொத்தனார், அப்படிப்பட்ட குடும்பத்துக்காரியிடம் போய் "உள்ள கட்டி இருக்கும்மா" என்று சொன்னால் அவள் வேறென்ன கேட்பாள்? "யாரு கட்டுனது தாயி?" என்றுதான் கேட்டாள். டாக்டரம்மா பேர் ஜெசிந்தா, சின்ன வயசு, சிரித்திருக்கலாம், ஆனால் சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வெளியில இருந்து யாரும் வரலம்மா. உங்க உடம்பேதான் கட்டிக்கிட்டது" என்றார். இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது எதிரே அது நின்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் அதன் நிழல் தெருவைத் தாண்டி வேலுத்தாயின் வாசப்படி வரைக்கும் வந்திருந்தது.

செக்கடித் தெரு எதற்கும் அசருகிற தெரு இல்லை. காலையில் இல்லாத வீடு சாயங்காலம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக உலையை இறக்கி வைக்க முடியுமா என்கிற ரகம். மறுநாளே வார்டு மெம்பர் வந்து, பதினாலாம் நம்பருக்கு எதிரே இருப்பதால் பதினாலு ஏ என்று சுவரில் எழுதிவிட்டுப் போனார். மீட்டர் மாட்ட வந்த கரண்டு ஆபீஸ்காரர், மீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வந்ததற்கு ரீடிங்கைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்டினார். டீக்கடைக் காசிமாயன் நிழலுக்கு ஆசைப்பட்டு பெஞ்சை அந்தச் சுவரோரம் இழுத்துப் போட்டான், பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் முற்றத்துத் தளத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டாள். குடியிருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

நல்லுச்சாமி மட்டும் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போய் நாலு மூலையிலும் தொங்கவிட்டுப் பார்த்தான். ஒரு நூல் பிசகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவனுக்கு முகம் செத்துவிட்டது.

"வெளிய நின்னு கட்டலை புள்ள. சாரம் கட்டுனா சொவத்துல ஓட்டை இருக்கணும்ல? ஒண்ணுகூட இல்ல. உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே கட்டியிருக்காய்ங்க."

வேலுத்தாய் பூசாத ஒரு இடத்தில் கையை வைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சூளையில் செங்கல் அறுத்தவள், பதினைந்து வயதில் அச்சுப்பலகை விழுந்து வலது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்துபோயிருந்தது, அவள் அறுத்த கல்லில் ஈரமண்ணை வழித்த விரல்தடம் நாலும் நேராக இருக்க ஐந்தாவது மட்டும் கொக்கியாக விழும். இப்போது அந்தச் சுவரின் கல்லில் அவள் கை தானாகப் போய்ப் பொருந்திக்கொண்டது. ஐந்தாவது தடத்தில் சுண்டுவிரல், வளைவு மாறாமல், சொந்த வீட்டுக்குள் போவது மாதிரி போய் உட்கார்ந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது நான் அறுத்த கல்லுய்யா" என்றாள். அவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயம் வந்தது.

ரத்தம் எடுத்து, படம் எடுத்து, சதை கிள்ளிப் பார்த்து, மருந்து இன்னதென்று முடிவாவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது, அந்த ஒரு மாதமும் வீடு சும்மா இருக்கவில்லை. முன்பக்கம் ஒரு போர்டிகோ வந்தது, மேலே ஒரு மாடி வந்தது, மாடிக்கு மேல் இன்னொரு மாடி வந்தது, அதற்குப் போகப் படி வரவில்லை. சுவரைப் பார்த்துத் திறக்கிற கதவுகள் இருந்தன, நாலு அடுப்படி இருந்தது, ஒரு கக்கூஸ்கூட இல்லை. ப்ளான் இல்லாமல் கட்டினால் இந்தக் கதிதான் என்று நல்லுச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வந்தது, தோண்டிப் பார்த்தால் மெயின் பைப்பிலிருந்து வேர் வேராகக் கிளைபிரிந்து அத்தனையும் பதினாலு ஏ-க்குள் போயிருந்தது. தெருக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்து, விடிகாலையிலேயே குடத்தை வரிசையில் போட்டார்கள். எதிரே வேலுத்தாயின் வீட்டில் சுவர் பொரிந்து கொட்டியது, அவளுக்குப் பாவாடை நாடா இரண்டு சுற்று வந்தது.

பிறகு சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் போய்ப் படுத்தால் சாயங்காலம் வரைக்கும், மேலே தொங்குகிற பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் மருந்து ஏறிய மூன்றாம் நாள் பட்டப்பகலில், டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், போர்டிகோ உளுத்த மரம் மாதிரி உள்ளே மடிந்து காணாமல் போனது. செக்கடித் தெருவே கைதட்டியது. பஞ்சவர்ணம் ரவாகேசரி கிண்டி வீட்டுக்கு வீடு கொடுத்தாள், காசிமாயன் அன்றைக்கு எல்லா டீயிலும் ஒரு கரண்டிச் சீனி கூடப் போட்டான். இரண்டாவது மருந்துக்கு மேல்மாடி போனது, மூன்றாவதற்கு அடுத்த மாடியும் மூன்று அடுப்படியும் போயின. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள், அவித்த கடலை விற்றது, வெளித்தெருவில் இருந்தெல்லாம் கைப்பிள்ளையோடு வந்தார்கள். தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்வதும், "நல்லா இளைச்சுருச்சு" என்று பதில் சொல்வதும் பழக்கமாகிவிட்டது.

வேலுத்தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்பது எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவளுக்குத் தலைமுடி கொட்டிவிட்டது, நகம் கறுத்துவிட்டது, வாயில் எதை வைத்தாலும் இரும்புச் சட்டியை நக்கியது போல் இருந்தது. மொட்டைத் தலையில் வெயில் படக்கூடாதென்று, கல் சுமக்கும்போது சும்மாடு கூட்டுகிற அந்தப் பழைய துண்டையே கட்டிக்கொண்டாள். வாசப்படியில் உட்கார்ந்து, எதிரே சின்னதாகிக்கொண்டு வருகிற வீட்டை எல்லாரையும் போலத்தான் அவளும் பார்த்தாள். ஆனால் எல்லாருக்கும் வந்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று மூன்றாவது மருந்து வரைக்கும் அவளுக்கே பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நல்லுச்சாமி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, ஒரு கட்டடம் இடிஞ்சா என்ன மிஞ்சும்?"

"என்ன மிஞ்சும், ரப்பீஸ்தான் மிஞ்சும்."

ரப்பீஸ் என்றால் இடிந்த கல்லும் காரையும் உடைந்த ஓடும் கம்பித் துண்டும், கட்டட வேலைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பேர். இடிக்கிறவன் அரைநாளில் இடித்துவிட்டுப் போய்விடுவான், அதை அள்ளுவதற்குச் சித்தாளுக்கு மூன்று நாள் ஆகும், கழுத்து எலும்பு இறங்கிவிடும். ஊரிலே இடிந்த பள்ளிக்கூடம், இடிந்த சினிமாக் கொட்டகை எல்லாவற்றின் ரப்பீஸும் வேலுத்தாயின் தலைமேல் ஏறித்தான் லாரிக்குப் போயிருக்கிறது.

"ரெண்டு மாடி போயிருக்கு, போர்டிகோ போயிருக்கு, மூணு அடுப்படி போயிருக்கு. பாதிக்கல்லு ஒண்ணு கீழ விழுந்து பாத்தியா நீ? அள்ளுனது யாரு?"

கஞ்சித் தம்ளர் நல்லுச்சாமி கையிலேயே நின்றது. முப்பது வருஷம் கட்டியவனுக்குத் தோன்றாதது, முப்பது வருஷம் அள்ளியவளுக்குத் தோன்றியது.

உச்சி வெயிலில், தெரு முழுக்கச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், வேலுத்தாய் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவைத் தாண்டினாள். அந்த நேரத்துக்குத் தினமும் அங்கே ஒரு புளித்த வாடை அடிக்கும், யார் வீட்டிலோ மாவு பொங்கி வழிந்துவிட்டது என்று தெரு நினைத்துக்கொள்ளும். நாக்கு செத்து மூக்கு செத்துக் கிடந்த வேலுத்தாய்க்கு அந்த ஒரு வாடை மட்டும் விடாமல் தெரிந்தது. கதவு இருந்த இடத்தில் இப்போது கதவு இல்லை, ஒரு சாக்கு தொங்கியது. விலக்கிப் பார்த்தாள்.

உள்ளே ஆள் கிடையாது. மீதமிருந்த அறைகளில் சாக்குகள் தாமாக நடமாடின. ஒரு சாக்கு ஜன்னல் பக்கம் போய், ஜன்னலை அதன் கம்பியோடும் சட்டத்தோடும் மெதுவாகப் போர்த்தி, வாயைச் சுருக்கி, தரையில் இழுபட்டுக்கொண்டே நடு அறைக்குப் போனது. இன்னொன்று ஒரு படிக்கட்டின் கடைசிப் படியைப் போர்த்திக்கொண்டிருந்தது. நடு அறையில் ஒரு தொட்டி, சுண்ணாம்பு நீற்றுகிற தொட்டி போல, அதில் புளித்த நுரை கொதகொதவென்று பொங்கியது, சாக்குகள் ஒவ்வொன்றாக அதன் விளிம்பில் ஏறி உள்ளே சரிந்தன, கல்லும் கம்பியும் கரைந்து கூழானது. அந்தக் கூழ் தானாகச் சுவரில் ஏறி அப்பிக்கொண்டது. நடு அறையின் சுவர் மட்டும் அதனால் மூன்று முழம் தடித்துப்போயிருந்தது. தட்டிப் பார்த்தாள், பாறையைத் தட்டிய சத்தம்தான் வந்தது. மருந்து இடித்து விழுந்தது ஒன்றுமே இல்லை, மருந்து வருகிறதென்று தெரிந்து வீடு தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

அதைவிடப் பெரிய திகில் இன்னொன்றில் இருந்தது. அந்தச் சாக்கை அவளுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் ஒரு அடைமழைக் காலத்தில் நல்லுச்சாமி சாரத்தில் இருந்து விழுந்து கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தான், ஈரத்தில் சுள்ளி கிடையாது, வேலை கிடையாது. வேலுத்தாய் முதலில் ஏணியை வெட்டி அடுப்பில் வைத்தாள், பிறகு பரணை, பிறகு கட்டிலின் கால்கள், கடைசியில் வாசக்கதவு. கதவு இருந்த இடத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். வீட்டை எரித்துக் கஞ்சி காய்ச்சி, அந்த வீட்டிலேயே பிழைத்துக் கிடந்தார்கள். மழை விட்டதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்துகொண்டார்கள், முன்னைவிடப் பெரிய கதவாகவே போட்டார்கள்.

"என் புத்திதான் அதுக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே ஒரு சாக்கு நின்று, அவள் பக்கம் திரும்பியது போல இருந்தது, பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனது.

நாலாவது மருந்துக்குப் போன அன்று, படத்தில் கட்டி நன்றாகச் சுருங்கியிருப்பதாக டாக்டரம்மா ஜெசிந்தா சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, வேலுத்தாய் தான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"அது எல்லா செல்லும் செய்யிறதுதாம்மா. பட்டினி போட்டாலும் விஷம் வச்சாலும், தனக்குள்ள இருக்கிற பழசு கிழசையெல்லாம் பை பையா சுத்தி, ஒரு புளிச்ச பைக்குள்ள போட்டுக் கரைச்சு, அதையே தின்னு உயிரோட இருந்துக்கும். மருந்து நின்ன பிறகு மறுபடி எழுந்திரிக்கும்."

"அப்ப சின்னதாச்சுன்னு நாங்க கேசரி கிண்டுனது?"

"சிலது நிஜமாவே சாகும்மா. சிலது ஒளிஞ்சுக்கும். எது எதுன்னு படத்துல தெரியாது." டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். "மலேரியாவுக்குக் குடுக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு. அது அந்தப் பையோட புளிப்பை எடுத்துரும். போட்டது கரையாது, அப்படியே தேங்கும். மருந்தோட சேத்துக் குடுத்துப் பாக்குறாங்க. கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிரணும். உங்க நல்ல உடம்பும் இப்ப இதே வித்தையிலதான் நிக்குது. இந்தக் கன்னம், இந்தத் தொடை, எல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? புளிப்பை எடுத்தா ரெண்டு பக்கமும் எடுக்கும்."

பஸ்ஸில் வரும்போது நல்லுச்சாமி வேண்டாம் என்றான். இதுவே போதும், சின்னதாகிவிட்டது, இருப்பதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்றான். அவன் கண் கலங்கியிருந்ததால் அவள் சண்டை போடவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, தெருவே அப்படித்தான் பேசியது. நாலாவது மருந்துக்கு அப்புறம் பதினாலு ஏ-வில் அந்த நடு அறை மட்டும்தான் நின்றது, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல, ஜன்னல் இல்லாமல், வாசலில் சாக்கோடு. இவ்வளவு அடி வாங்கியும் விழாமல் நிற்கிறதே என்று ஜனங்களுக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. யாரோ ஒருத்தி மஞ்சள் பூசினாள், யாரோ குங்குமம் வைத்தார்கள், காசிமாயன் கடை திறந்ததும் முதல் டீயை அதன் முன்னால் ஊற்றினான். வெள்ளிக்கிழமை தோறும் பஞ்சவர்ணம் பொங்கல் வைத்துப் படைத்தாள். சாக்குக்கு முன்னால் வைத்த இலை சாயங்காலம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டாம் வெள்ளி முடிந்தபோது, அந்த அறையின் பின்பக்கம் ஒரு அடி உயரத்துக்குப் புதுச்சுவர் முளைத்திருந்ததை வேலுத்தாய் மட்டும் பார்த்தாள்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை பொங்கல் இறங்கி, பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தபோது, வேலுத்தாய் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்றாள். அந்த மொட்டைத் தலையைத் தெரு அதுவரைக்கும் பார்த்ததில்லை. குலவை நின்றுபோனது.

"பஞ்சவர்ணம், அந்தச் சோத்தை எனக்குப் போடு."

"மதினி, இது சாமிக்கு..."

"அது சாமி இல்லடி. அது பட்டினியில கெடக்குற என் கட்டி. உள்ள இருக்கிறதையெல்லாம் தின்னு தீத்துருச்சு, இப்ப நீங்க வெளிய இருந்து ஊட்டுறீங்க. இத்தனை நாளா வீடு எப்படி இருக்கு, வீடு எப்படி இருக்குன்னு கேட்டீங்களே, நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தி கேட்டீங்களாடி?"

காசிமாயன் கொதிக்கிற பாலை இறக்க மறந்து நின்றான். வேலுத்தாய்க்கு மூச்சு வாங்கியது, கீழே உட்கார்ந்துவிட்டாள், ஆனால் குரல் உட்காரவில்லை.

"ஒரு மாத்திரை இருக்காம். அதைப் போட்டா அது வாயையும் கட்டும், என் வாயையும் கட்டும். ரெண்டு பேரும் தன்னைத் தின்னு பொழைக்க முடியாது. எனக்கு வெளிய இருந்து ஊட்ட ஆளு இருந்தா நான் பொழைப்பேன். அதுக்கு ஆளு இல்லேன்னா அது போகும். யாருக்கு ஊட்டுறதுன்னு இப்பச் சொல்லிருங்க."

பஞ்சவர்ணம் அழுதுகொண்டே வந்து, சாக்குக்கு முன்னால் விரித்திருந்த இலையை எடுத்தாள். எடுக்கும்போது இலையின் மறுமுனையை ஏதோ பிடித்து இழுத்தது போல இருந்ததாக அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வந்து, வேலுத்தாயின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் பிசைந்து ஊட்டினாள்.

அன்றிலிருந்து செக்கடித் தெரு முறை போட்டுக்கொண்டு ஊட்டியது. வேலுத்தாய் மாத்திரையை விழுங்கினாள், அடுத்த மருந்தை ஏற்றிக்கொண்டாள், டாக்டரம்மா சொன்னதுபோலவே அவள் உடம்பு தன்னைத் தின்று தாக்குப்பிடிக்கிற வித்தையை மறந்தது. கை தூக்க முடியவில்லை, இமை தூக்க முடியவில்லை. காலையில் ஒரு வீட்டுக் கேப்பைக்கூழ், பத்து மணிக்கு இன்னொரு வீட்டு முட்டை, மதியம் ஒரு வீட்டுக் குழைந்த சோறு, காசிமாயனின் பால், எதுவும் ருசிக்கவில்லை, எல்லாவற்றையும் மண் சுமக்கிறது போல ஒரு வேலையாக விழுங்கினாள். வாந்தி எடுத்தால் நல்லுச்சாமி துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினான். அவன் ஒரு சொல் சலித்துக்கொள்ளவில்லை, அதற்காக அவள் அவனுடைய முப்பது வருஷக் கோபத்தையெல்லாம் மன்னித்தாள். எதிரே சாக்குக்கு முன்னால் ஒரு பருக்கை விழாமல், ஒரு சொட்டு டீ சிந்தாமல், தெருப் பெண்கள் பெருக்கிக்கொண்டே இருந்தார்கள்.

மருந்து ஏறிய ஏழாம் நாள் உச்சிப் பொழுதுக்கு வேலுத்தாய் கண்ணைத் திறந்து, "வாடை இல்ல" என்றாள். நல்லுச்சாமி மோந்து பார்த்தான். வெயில் வாடையும் டீத்தூள் வாடையும் மட்டும்தான் வந்தன, மாதக்கணக்காக அடித்த புளிப்பு இல்லை. அந்த நேரத்தில் எதிரே அறைக்குள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது, சாக்கு உள்ளிருந்து முட்டிப் பிதுங்கியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை, கடலை வாங்கவில்லை, பொருமிய வயிறு மாதிரி அந்தத் தடித்த சுவர்கள் உப்புவதை மூச்சு விடாமல் பார்த்தார்கள். மூன்று நாள் அது உப்பியது. நாலாம் நாள் காலை வாசல் சாக்கு கிழிந்து, அரைகுறையாக மென்ற ஒரு செங்கல் வெளியே வந்து விழுந்தது.

நல்லுச்சாமி அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் மடியில் வைத்தான். கல்லின் பாதி கூழாகிப் போயிருந்தது, மீதிப் பாதியில் நாலு நேர்தடமும் ஒரு கொக்கியும் இருந்தன.

"ரப்பீஸ் புள்ள" என்றான். குழந்தை மாதிரி அழுதான்.

அதற்குப் பிறகு தெரு நாறிப்போனது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. செரிக்காத ஜன்னலும் செரிக்காத படியும் சாக்கு சாக்காகச் சரிந்தன, சுவர் நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, பொறம்போக்கு நிறைந்து ரோட்டில் வழிந்தது, சைக்கிள் போக வழி இல்லை. வேலுத்தாய்க்கு எழுந்திருக்கத் தெம்பு வந்ததும் செய்த முதல் காரியம், துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டதுதான். முடியில்லாத தலையில் சும்மாடு வழுக்கியது, பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருடைய இடிசலைச் சுமந்த தலையில் அவளுடைய சொந்த இடிசலில் ஒரே ஒரு சட்டி ஏற்றி, பத்து அடி நடந்து கொட்டினாள். மீதியைத் தெரு அள்ளியது.

கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா "இப்ப கட்டி இல்லம்மா" என்றார். படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, "இப்ப" என்பதை இன்னொரு தடவை சொன்னார். வேலுத்தாய்க்குப் புரிந்தது. மழை விட்டதும் முன்னைவிடப் பெரிய கதவாகப் போட்டவள் அவள்.

பொறம்போக்கில் மறுபடி ஆடு கட்டினார்கள். வார்டு மெம்பர் பதினாலு ஏ-வை நோட்டில் அடித்துவிட்டார். தெரு அந்த வீட்டை, வந்தபோது எப்படி ஏற்றுக்கொண்டதோ அப்படியே மறந்தும் போனது. வேலுத்தாய் மட்டும், மென்று துப்பிய அந்த முதல் செங்கல்லை அது திரும்பி வந்தால் முதலில் இதைத்தான் தின்னும் என்று அந்தத் தரையின் நட்டநடுவில் வைத்துவிட்டு வந்தாள். தினமும் விடிந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் தெருவைத் தாண்டிப் போய்ப் பார்ப்பாள். கல் இருக்கும். வந்து டீ குடிப்பாள். அவளுக்கு முடி காதளவு வளர்ந்தது, ருசி திரும்பியது, கார்த்திகை போய்த் தை வந்தது, கல் அங்கேயே இருந்தது.

மாசியில் ஒரு நாள் காலை, கல்லின் ஒரு மூலையைக் காணோம்.

கட்டைவிரல் அளவு இருக்கும், கொக்கித் தடம் இருந்த அந்த மூலைதான். சுற்றிலும் தரை பெருக்கிவிட்டாற்போலச் சுத்தமாக இருந்தது, அந்தச் சுத்தத்தைப் போல அவளுக்குப் பயமானது உலகத்தில் வேறொன்றும் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு மண்டி போட்டாள், கையை ஊன்றிக் குனிந்து, கன்னம் மண்ணில் படுகிற அளவுக்குத் தாழ்ந்து, விரல் விரலாகத் தரையைத் தடவிக்கொண்டே போனாள். காசிமாயன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான், நல்லுச்சாமி வாசலுக்கு வந்து, கிட்டே வரத் தைரியம் இல்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, ஆட்டின் குளம்புத் தடத்துக்குள் செந்நிறமாக ஏதோ கிடந்தது. ஒரு சில்லு, அதைச் சுற்றிக் கொஞ்சம் பொடி. வேலுத்தாய் வளைந்த சுண்டுவிரலால் அந்தப் பொடியைத் துளி விடாமல் கூட்டி உள்ளங்கையில் ஏந்தி, சில்லைக் கல்லின் மூலையில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. பொடியும் சரியாக இருந்தது.

"ஆடு மிதிச்சிருக்குய்யா" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "ரப்பீஸ் இருக்கு, எல்லாம் இங்கயேதான் கெடக்கு! காசிமாயா, ஒரு டீ போடு. சீனி தூக்கலா."